நோயாளியின் மொழியைத் தகுதியில் சேருங்கள்

பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த ஒரு முதியவரை, அவர் வாழ்நாள் முழுவதும் பேசிய மொழி தெரியாத ஒருவர் எப்படிச் சோதிப்பார்? எதை வைத்துச் சிகிச்சையைத் தொடங்குவார்? பேச்சு மொழிச் சிகிச்சைப் படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நம் நாட்டு முறை இந்தக் கேள்வியைத் தன் புள்ளிக் கணக்கில் இன்றுவரை சேர்க்கவில்லை. விண்ணப்பித்தவரின் தேர்வுப் புள்ளி கணக்கில் வருகிறது. புறப்பாட நடவடிக்கைப் புள்ளி வருகிறது. நாளை அவர் யாருடைய வாய்ச்சொல்லைக் கேட்டுச் சிகிச்சை தரப்போகிறார் என்பது மட்டும் வருவதில்லை. இது தவறு. உயர்கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் சேர்ந்து திருத்த வேண்டிய தவறு. இதைக் கண்டிக்கிறோம்.

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் வயது அதிகமில்லை. 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் செவிப்புலவியலையும் பேச்சு அறிவியலையும் பட்டப் படிப்பாகத் தொடங்கியது. அதற்கு முன் இத்துறையில் இருந்தவர்கள் வெளிநாடுகளில் படித்து வந்த மிகச் சிலரே. பிறகு குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் இப்படிப்பைத் தொடங்கின. முன்னோடிகள் செய்த பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு துறையையே எழுப்பியவர்கள் அவர்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் நாடு முழுவதற்கும் சில நூறு சிகிச்சையாளர்களே என்னும் நிலை நீடிக்கிறது. அவர்களில் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் எத்தனை பேர், எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அமைச்சு மக்கள் முன் வைக்க வேண்டும்.

பேராக்கைப் பாருங்கள். 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் இது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா, பீடோர், சுங்காய், பாகான் டத்தோ என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் வாழ்ந்தவர்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் பெர்ச்சாமுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். அவர்களில் மூத்த தலைமுறை இன்று எழுபதும் எண்பதும் கடந்து நிற்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவர்களை விடாமல் துரத்தும் நோய்கள். அவற்றின் பின்னால் வருவது பக்கவாதம். அந்த முதியவர்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். மலாய் தெரியும் என்றாலும் அது கடைத்தெருவுக்கும் அரசு அலுவலகத்துக்கும் போதுமான மலாய். கோபம் வந்தால் தமிழ், கனவு கண்டால் தமிழ், பேரனைக் கொஞ்சினால் தமிழ். மூளையில் அடிபட்ட பிறகு அவர்களிடம் மிச்சமிருக்கும் சொற்களைத் தேட வேண்டியதும் தமிழில்தான்.

சிகிச்சை அறையில் நடப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது உடனே விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ‘வாளப்பளம்’ என்கிறது. தமிழ் எழுத்தை மட்டும் புத்தகத்தில் பார்த்தவர் அதைக் குறை என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் அம்மா அப்படித்தான் சொல்கிறார், பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார். அது வீட்டு வழக்கு, நோயன்று. இன்னொரு பிள்ளை ‘காக்கா’ என்பதற்குத் ‘தாத்தா’ என்றால், நாக்கின் பின்பகுதியில் பிறக்க வேண்டிய ஒலி முன்பகுதிக்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு வயதில் அது இயல்பு. ஐந்து வயதில் கவனிக்க வேண்டிய செய்தி. வீட்டுத் தமிழ் தெரியாதவர் காதில் முதலாவது குறையாகவும் இரண்டாவது தாத்தாவைப் பற்றிய பேச்சாகவும் விழும். இரண்டு தீர்ப்பும் தலைகீழ். ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாத சிகிச்சை, இன்னொரு பிள்ளைக்குத் தேவையான சிகிச்சை இல்லை.

இலக்கணத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழம். தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே காலமும் இடமும் பாலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ‘அம்மா வந்தான்’ என்று ஐந்து வயதுப் பிள்ளை தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால் அது ஒரு தடயம். மலாய் வினைச்சொல் இப்படி மாறுவதில்லை. ஆகவே மலாய்ப் பிள்ளைகளுக்காகச் செய்த சோதனையைத் தமிழ்ப் பிள்ளையிடம் வைத்தால், எந்த இடத்தில் பிள்ளை தடுமாறுகிறதோ அந்த இடத்தைச் சோதனை தொடவே தொடாது. மலாய் மழலைகளின் மொழி வளர்ச்சியை அளக்க மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனிக் கருவியையே உருவாக்கினார்கள். நல்ல பணி. ஆங்கிலக் கருவியை மொழிபெயர்த்து வைத்தால் போதாது என்று உணர்ந்ததால்தான் அதைச் செய்தார்கள். அந்த உணர்வு தமிழ்ப் பிள்ளை விஷயத்திலும் வரவேண்டும். மலேசியத் தமிழுக்கென்று அளவு கண்ட கருவி ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சையாளரின் மேசையில் இருக்க வேண்டும். பள்ளிப் பாடநூல் தமிழில் எழுதிய கேள்வித்தாள் அந்த இடத்தை நிரப்பாது. ‘அங்கே என்ன நிகழ்கிறது?’ என்று படத்தைக் காட்டிக் கேட்டால், வீட்டில் ‘என்னா நடக்குது?’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை விழிக்கும். அந்த விழிப்பை மொழிக்குறைபாடு என்று எழுதிவிடக்கூடாது.

மொழிபெயர்க்க ஆள் இருக்கிறதே என்பார்கள். ஒரு தாதி, ஒரு துப்புரவுப் பணியாளர், உடன் வந்த மருமகள் என்று யாரையாவது நிறுத்திவிட்டால் போதுமாம். போதாது. பேச்சிழப்பு நோயாளி கரண்டியைப் பார்த்துக் ‘கத்தி’ என்கிறார். உடன் நிற்கும் மகள், பாவம், அப்பாவுக்காக ‘கரண்டி என்று சொல்கிறார்’ என்று திருத்திச் சொல்லிவிடுகிறாள். அவள் அன்பால் செய்த அந்த ஒரு திருத்தத்தில் நோயின் தடயமே அழிந்துபோகிறது. அவர் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லைப் போட்டார், ஒலி தடுமாறியதா பொருள் தடுமாறியதா, எங்கே தயங்கினார் என்பதெல்லாம்தான் சிகிச்சையாளருக்கு வேண்டிய தரவு. மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளில் மொழி என்பது நோயைக் கேட்டறியும் வழி. இந்தப் பிரிவில் சோதிக்கப்படுவதே மொழி. எலும்பு முறிவுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவுவார், பேச்சிழப்புக்கு உதவமாட்டார்.

விழுங்குவதும் இவர்கள் பொறுப்பே என்பதைப் பலர் அறிவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. அது நுரையீரலுக்குள் போய்த் தொற்றாகி உயிரையே வாங்கலாம். எந்தப் பதத்தில் கஞ்சி கொடுக்க வேண்டும், ரசத்தை எப்படிக் கெட்டியாக்க வேண்டும், எப்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், தாடையை எப்போது கீழே தாழ்த்தச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பார்த்துக்கொள்ளும் மனைவிக்குப் புரியும்படி சொல்லித் தரவேண்டும். அவர் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால் வெட்டியவர் என்றால், அச்சிட்ட மலாய்த் துண்டறிக்கை அவர் கைக்குப் போய்ப் பயன் என்ன?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பேச்சு தாமதமான பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு, ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், தமிழை நிறுத்துங்கள்’ என்ற அறிவுரை இன்னும் சிலரால் வழங்கப்படுகிறது. இரு மொழி கேட்டு வளர்வதால் மொழிக்குறைபாடு வருவதில்லை, இருக்கும் குறைபாடு கூடுவதும் இல்லை என்பதை உலகெங்கும் நடந்த ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. பாட்டிக்குத் தெரிந்த ஒரே மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கினால், அதற்குக் கிடைக்கும் பேச்சுதான் குறைகிறது. பள்ளி, தனியார் நிலையம், மருத்துவமனை என்று யார் இந்த அறிவுரையைத் தந்தாலும் உடனே நிறுத்தவேண்டும்.

இனி வாசலுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் எஸ்.டி.பி.எம். முடித்த ஒரு மாணவி இப்படிப்புக்கு எப்படிப் போவாள்? அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தேர்வுப் புள்ளி, பத்துப் பங்கு புறப்பாட நடவடிக்கை. மூன்று தவணை எஸ்.டி.பி.எம். எழுதியவளையும் ஓராண்டு மெட்ரிகுலேஷன் முடித்தவரையும் ஒரே தட்டில் நிறுக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் வாசலோ இன்றும் பெரும்பான்மை இட ஒதுக்கீட்டுக்குள் இருக்கிறது. பத்து ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஒன்பது பாடம் எழுதி எட்டு ஏ எடுத்தவளுக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்? அவள் ஆறாம் படிவத்துக்குத்தான் போகிறாள். அறிவியல் பாடங்கள் கேட்கப்படும் படிப்பு இது. ஆறாம் படிவ அறிவியல் வகுப்பு எல்லா ஊர்ப் பள்ளியிலும் கிடையாது. இத்தனையும் தாண்டி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால், அங்கே எதற்கு எத்தனை புள்ளி, தமிழறிவு பேசப்பட்டாலும் அதற்கு ஏதும் எடை உண்டா என்பது அவளுக்குத் தெரியாது. முடிவு வரும்போது கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரி. மேல்முறையீடு செய்யலாம்; எதைத் திருத்திக்கொண்டு செய்வது என்று தெரியாமல் செய்யலாம்.

அந்த மாணவியிடம் இருப்பதைக் கணக்கெடுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தேர்வில் ஆங்கிலம் என மூன்று மொழி. எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழி எடுத்து ஏ வாங்கியிருக்கிறாள். ஒரு கூடுதல் பாடத்தின் சுமையைத் தன் விருப்பத்தால் சுமந்தவள். தோட்டத்துத் தமிழும் பள்ளித் தமிழும் இரண்டும் அவள் காதுக்குப் பழக்கம். இத்தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயத்தம் வேறென்ன இருக்கிறது? புள்ளிக் கணக்கில் இதற்கு ஒரு சுழியம்தான். அவளுக்கு இது அநீதி என்பதோடு நிற்கவில்லை. அவள் கையில் குணமாக வேண்டிய நோயாளிக்கு இது பெரிய அநீதி.

மொழிக்குப் புள்ளி தந்தால் அது இன அடிப்படையிலான தேர்வாகிவிடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். மொழி வேறு, இனம் வேறு. தமிழ் கற்ற மலாய் மாணவருக்கும் சீன மாணவருக்கும் அதே புள்ளி தரட்டும், மகிழ்ச்சியோடு வரவேற்போம். தமிழ் தெரியாத இந்திய மாணவருக்கு அந்தப் புள்ளி வேண்டாம். சீன மொழிகளுக்கும் சரவாக்கின் இபானுக்கும் சபாவின் கடசான்டூசுனுக்கும் இதே முறை வரட்டும். நம் பேராக்கின் மலைகளில் வாழும் செமாய், தெமியார் மக்களின் பிள்ளைகளுக்கும் பேச்சு தாமதமாகிறது. அவர்கள் மொழி அறிந்த சிகிச்சையாளர் வேண்டும் என்று கேட்க அவர்களுக்குப் பத்திரிகைகூட இல்லை. அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம். தரம் குறையும் என்ற அச்சமும் பொருளற்றது. எந்த அளவுகோலையும் தளர்த்தச் சொல்லவில்லை. விடுபட்ட ஓர் அளவுகோலைச் சேர்க்கச் சொல்கிறோம்.

மொழித் திறனை எடைபோடும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் இத்தொழிலுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதற்கான சேர்க்கைப் போட்டி கடுமையானது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, பொதுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதைக் கைவிட்டு, விண்ணப்பதாரரின் இருமொழித் திறனையும் அனுபவத்தையும் பார்க்கின்றன. ஸ்பானிய மொழிச் சூழலுக்கென்றே தனிப் பயிற்சிப் பிரிவு வைத்திருக்கின்றன.

நம் நாட்டில் வழக்கமான வாசல் நான்காண்டு இளநிலைப் பட்டம். உளவியலோ மொழியியலோ படித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் இத்தொழிலுக்கு மாற விரும்புபவர், பெரும்பாலும் கடல் கடந்தே போக வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகம் 2007இலேயே பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் இந்த வழி உண்டு. கட்டணத்தைக் கேட்டாலே தோட்டத்து வழி வந்த குடும்பம் பின்வாங்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. தமிழின் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் முறையாகக் கற்ற பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களில் ஐந்து பேரையாவது பேச்சுச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முதுநிலைப் பாலம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் உயர்கல்வி அமைச்சுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சென்னையில் படிக்கலாம், மைசூரில் படிக்கலாம் என்று வழிகாட்டுபவர்கள் உண்டு. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும் சென்னையின் கல்லூரிகளும் பெயர் பெற்றவை. சென்னையில் தமிழ் நோயாளிகளிடமே பயிற்சி பெற முடியும். ஆனால் திரும்பி வந்தால் 774ஆவது சட்டமான 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தாக வேண்டும். 2020 ஜூலை முதல் அச்சட்டம் நடப்பில் உள்ளது. போலிகளை விலக்க அச்சட்டம் தேவை. அதே வேளையில், எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் ஏற்கப்படும் என்பதற்கான விடை, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை விமானம் ஏற்றுவதற்கு முன்பே பெற்றோர் கைக்கு எழுத்தில் கிடைக்க வேண்டும்.

நம் சமுதாயத்தின் மீதும் கோபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்களுக்காகக் கட்சிகள் குரல் கொடுக்கின்றன. சரிதான். பேச்சுச் சிகிச்சை இடம் கிடைக்காத மாணவிக்காக எந்தக் கட்சி பத்திரிகையாளர் கூட்டம் நடத்தியது? ம.இ.கா. எழுப்பிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் காட்டிய ஆர்வம் இத்துறைக்கும் வரவேண்டும். இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்று ஒதுக்கப்பட்டுவரும் பணத்தில், தமிழ் பேசும் சிகிச்சையாளர்களை உருவாக்கக் கல்விக்கொடை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பெற்றோரே, உங்கள் மகள் ‘டாக்டர்’ ஆகவில்லை என்று வருந்துவதை நிறுத்துங்கள். பேசாத பிள்ளையை ‘அம்மா’ என்று அழைக்க வைக்கும் தொழிலைத் தாழ்வாக எண்ணுவது நம்மிடமுள்ள மோசமான பழக்கம்.

அரசின் கடமைக்கும் இங்கே முன்மாதிரி உண்டு. காலனி ஆட்சியின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. அது தாராளமான சட்டமன்று; பெயருக்குப் பள்ளி, ஒற்றை ஆசிரியர், சில வகுப்போடு முடிவு. ஆயினும் பத்துப் பிள்ளை இருந்தால் ஒரு கடமை பிறக்கிறது என்று காலனி அரசே ஒப்புக்கொண்டது. இன்று 134 பள்ளிகள் உள்ள மாநிலத்தில் பேச்சு தாமதமான தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருப்பார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. கடமை எப்போது பிறக்கும்?

ஈப்போ மருத்துவமனையில் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அமர் சிங் போன்றவர்கள், குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே உதவி கிடைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தொண்டை வறள வாதாடி வருகிறார்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சுகாதாரச் சேவை பெறும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை கொடுத்தாயிற்று, அட்டையைக் காட்டினால் அந்தப் பிள்ளையின் மொழியில் பேசும் ஆள் இருக்க வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம். அடுத்த யூ.பி.யூ. சேர்க்கைக்கு முன்பாகவே, பேச்சுச் சிகிச்சைப் படிப்புக்கு எஸ்.பி.எம். தமிழ் உள்ளிட்ட நாட்டு மக்களின் மொழிகளுக்குத் தனிப் புள்ளி வரட்டும். நேர்முகத்தின் மதிப்பீட்டு முறை அச்சில் வெளியாகட்டும். தோற்றவருக்கு எங்கே தோற்றோம் என்று தெரியட்டும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எந்த மாநிலத்திலிருந்து என்ற கணக்கு வெளிவரட்டும். படித்து முடித்துப் பேராக் மருத்துவமனைகளில் சில ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவர்களுக்குக் கல்விக்கொடையோடு இடம் ஒதுக்கட்டும். விண்ணப்பிக்கும் முன் சிகிச்சை அறையை நேரில் பார்க்க, தைப்பிங், தெலுக் இந்தான், ஈப்போ மருத்துவமனைகள் ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கதவு திறக்கட்டும். பார்த்ததே இல்லாத தொழிலைப் பற்றி நேர்முகத்தில் பேசச் சொல்வது முறையில்லை.

மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கூட்டரசின் கையில் என்பது நமக்குத் தெரியும். ஆனால் 2022இல் அமைந்த பேராக் ஆட்சிக்குழுவில் சுகாதாரமும் இந்தியர் நலனும் மாண்புமிகு அ. சிவநேசன் அவர்களிடம் ஒன்றாகவே ஒப்படைக்கப்பட்டன. இந்தக் கோரிக்கை அந்த இரண்டு பொறுப்பும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. பேராக் அரசு மருத்துவமனைகளில் தமிழில் சிகிச்சை தரும் பேச்சுச் சிகிச்சையாளர் எத்தனை பேர், தவணைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் கூட்டரசு அமைச்சிடம் கேட்டு வாங்கி, அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் அவர் அறிவிக்க வேண்டும்.